உருட்டுங்கள், உருளாதீர்கள்!

கே: செல்போன் லூடோவில் எனக்கு மட்டும் ஆறு விழுவதே இல்லை. ஆப்பில் ஏதாவது தில்லுமுல்லா?
– ஒரு வாசகி, சிதம்பரம்

ப: ஆறு விழ வாய்ப்பு ஆறில் ஒன்று. 0, 1, 2, 3 புள்ளி வைத்த நம் தாயக்கட்டை இரண்டை உருட்டினால் வரும் 16 வகையில் தாயம் (மொத்தம் ஒன்று) இரண்டே இரண்டு. அதாவது எட்டில் ஒன்றுதான்! அதற்கே நம் பாட்டிமார் கட்டையைக் கரகரவென்று தேய்த்து, குலதெய்வத்தையும் கூப்பிட்டார்கள். நீங்கள் கண்ணாடித் திரையைத் தொட்டதோடு சரி. நம் நாட்டுப் பச்சீசி ஆட்டத்தைப் பார்த்து லூடோ செய்து, காப்புரிமை வாங்கிய இங்கிலாந்துக்காரர் தேய்ப்பதை மட்டும் விட்டுவிட்டார் போலும்.

கே: வைகுண்ட ஏகாதசி இரவு ஆன்லைனில் பரமபதம் ஆடினால் புண்ணியம் உண்டா?
– ஒரு வாசகர், கடலூர்

ப: கூப்பிடு தூரத்தில் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் இருக்க, சார்ஜரைக் கட்டிக்கொண்டா விழிப்பீர்கள்? சரி, ஆடுங்கள். பணம் மட்டும் கட்டாதீர்கள். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் போட்டிருக்கிறது. அந்தப் பாம்பு கடித்தால் மேலே ஏற ஏணி கிடையாது!