ரஹ்மான் அட்டைக்குள் தேவா

1992-இல் எங்கள் பக்கம் ரெண்டே கட்சிதான். ஒன்று இளையராஜா கட்சி. இன்னொன்று, ஆகஸ்டில் 'ரோஜா' வந்ததும் முளைத்த ரஹ்மான் கட்சி. எந்நேரமும் அடித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டணி: தேவா பாட்டு கேட்பவனெல்லாம் ஒரு மனுஷனா? அம்பத்தூர் ஓ.டி.யில் அந்த மனுஷன் நான்.

அதே வருஷம் 'அண்ணாமலை'க்கு விசிலடித்துத் தொண்டை கட்டியவர்கள்தான் இவர்கள். 'சூப்பர் ஸ்டார்' என்று எழுத்தெழுத்தாக மின்னும்போது வரும் இசையைப் போட்டதே தேவாதான் என்பேன். "அந்த விசில் ரஜினிக்குடா" என்பார்கள். 1995-இல் 'ஆசை'க்காக அவருக்கு மாநில அரசு விருது கிடைத்தது. "விருதையும் எங்கேர்ந்து சுட்டாரு?" காப்பி என்ற பேச்சு அவரைச் சுற்றி எப்போதும் உண்டு. அது இருக்கட்டும்.

உண்மையில் இவர்களை உறுத்தியது கானா. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் காலேஜ் பசங்க கதவோரம் நின்று தகரத்தைத் தட்டிப் பாடுவார்கள். உள்ளங்கையால் ஓர் அடி, விரல் நுனியால் ரெண்டு. பட்டரவாக்கத்தில் ஆரம்பித்தால் வில்லிவாக்கம் வருவதற்குள் பாட்டில் ஒருத்தன் காதலித்து, ஏமாந்து, செத்தும் போயிருப்பான். எங்கள் ஆட்கள் "சரியான லோக்கல்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மயிலாப்பூர்க்காரர் கண்ணுக்கு ஆவடி லைன்காரன் எல்லாருமே லோக்கல்தான். அது தெரிந்ததால்தான் அவ்வளவு அவசரமாகத் திரும்பினார்களோ என்னவோ. 1996-இல் 'காதல் கோட்டை'யில் தேவாவே ஒரு கானாவைப் பாடிவிட்டார். ரயிலோடு போய்விட்டதாக நினைத்த சனியன் வீட்டு ரேடியோவுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் அலறினார்கள்.

ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் கொடுப்பது தனி வேதனை. கடை அண்ணன் அதைச் சத்தமாக வாசிப்பார். பக்கத்தில் எப்போதும் கட்சிக்காரன் ஒருத்தன் நிற்பான். சோனி 60-இல் பக்கத்துக்கு அரை மணி. ஏ பக்கம் முழுக்க ரஹ்மானை எழுதி, தேவாவை பி பக்கத்தின் வாலில் ஒளித்துவைப்பேன். கடைசிப் பாட்டின் சரணத்தில் டேப் தீர்ந்துபோகும். அறுபடுவது தேவாதான். அப்புறம் புத்தி வந்தது. யாரும் தெரியாத திருமுல்லைவாயல் கடையில் முழு கேசட்டும் தேவாவாகப் பதிந்து, மேலே 'திருடா திருடா' அட்டையைச் செருகி அலமாரியில் வைத்தேன். பொருத்தமான அட்டை. நாளடைவில் அலமாரி நிறைய அப்படித்தான்.

2022 நவம்பரில் நேரு உள்விளையாட்டரங்கில் தேவாவின் பிறந்தநாள் கச்சேரி. ரஜினியே வந்து உட்கார்ந்தார். மறுவருஷம் 'லியோ'வில், 2000-இல் 'ஏழையின் சிரிப்பில்' படத்துக்கு அவர் போட்ட கருப்பாயி பாட்டு ஒலித்ததும் ஊரே ஆடியது. முகப்பேர் ஃபிளாட்டுகளில் குடியேறிவிட்ட பழைய கட்சிக்காரர்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். போன பொங்கலுக்குச் சந்தித்தபோது ஒருத்தன் எனக்கே பாடம் எடுத்தான். "தேவா கானாலதான் மச்சி ஒரிஜினல் மெட்ராஸ் இருக்கு. ரஹ்மானெல்லாம் அப்புறம்தான்."

"நான் அப்பவே சொன்னேனேடா" என்றேன்.

"நீயா?" எல்லாரும் சிரித்தார்கள். "சும்மா இரு மச்சி. உன் அலமாரியை நாங்க பாத்ததில்லையா? பூரா ரஹ்மான் கேசட்டு."