நிலை 1 என்றால் ஒன்றாம் வகுப்பா?

கேள்வி: ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு அட்டையில் ‘நிலை 1’ போட்ட இரண்டு கதைப் புத்தகங்கள் வாங்கினேன். ஒன்றைக் கடகடவென்று படிக்கிறாள், இன்னொன்றில் திணறுகிறாள். எதை நம்புவது?

பதில்: மகளை நம்புங்கள். அட்டைக்கு அவளைத் தெரியாது! நிலை என்பது வகுப்பும் அல்ல, வயதும் அல்ல. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் கணக்கு மாறும். பிரதம் புக்ஸ் முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள், இரண்டாவதற்கு 600 வரை, மூன்றாவதற்கு 1500 வரை என்று வைத்திருக்கிறது. சொல்லை எண்ணினால் மட்டும் போதுமா? ‘மரம்’, ‘படம்’ எல்லாம் வாயில் ஓடிவரும். ‘கொக்கு’ வந்தால் கொம்பு, கால், புள்ளி, கீழ்விலங்கு என்று நான்கையும் குழந்தை ஒரே மூச்சில் சமாளிக்க வேண்டும். அதுவும் முதல் நிலைதான்!

வாங்கும் முன் நடுப்பக்கம் ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்றால், அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். சரளமாக வரும் புத்தகத்தை, “மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்” என்று தயவுசெய்து பிடுங்காதீர்கள். திரும்பத் திரும்பப் படிக்கும்போதுதான் எழுத்தும் ஒலியும் ஒட்டிக்கொள்ளும்.