அரையணாப் பெருமாள்

தபால் தலைகளை ஒட்டிப் படம் செய்கிறவர் வீட்டுக்குப் படம் பார்க்கப் போகிறவர், படத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். சின்னக் காஞ்சியில் நம் அன்பரின் கூடத்துச் சுவரில், கதவளவு உயரத்தில், வரதராஜப் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார் என்பது உண்மை, கைகூப்பிச் சேவிக்க வேண்டுமென்று நமக்கும் ஆசைதான், ஆனால் கை குவிவதற்கு முன்பே அன்பர் ஸ்டாம்பு பிடிக்கும் இடுக்கியோடு குறுக்கே வந்து நின்று, “மூச்சுப் படப்போகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் ஐயா” என்று நம்மைப் பின்னுக்கு நகர்த்தி, “முதலில் இந்த மார்பைப் பாருங்கள், அரையணா நீலம், 1854, கல்கத்தாவில் கல்லச்சில் போட்டது, ஓரத்தில் பல் கிடையாது, பின்னால் கோந்து கிடையாது, இன்றைக்கு என்ன விலை தெரியுமா?” என்று தொடங்கிவிடுவார். தெரியாது என்றால் சொல்லிவிடுவார். தெரியும் என்றாலும் சொல்லிவிடுவார்.

மார்பு முடிந்தால் தோள். தோள் முடிந்தால் திருக்கரம். பெருமாளின் நீலத் திருமேனி முழுவதும் விக்டோரியா மகாராணியின் முகங்களாலேயே ஆனது என்ற அதிசயத்தை நாமாகத்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அதில் சிரத்தையில்லை. சங்குக்குத் திருவாங்கூர் சமஸ்தானம் 1888 முதல் வெளியிட்ட சங்கு முத்திரை அஞ்சல் தலைகளையே தேடி ஒட்டியிருக்கிறார். என்ன பொருத்தம் என்று மெச்சுவதற்கு நாம் வாயெடுப்பதற்குள், எந்தச் சங்கில் எந்த நீர்க்குறி இருக்கிறது, எது அபூர்வம், எது சாதாரணம் என்று இடுக்கி வரிசையாகச் சுட்டிக்கொண்டு போகும். காகிதத்தைப் பின்புறம் திருப்பிப் பார்த்தாலல்லவா நீர்க்குறி தெரியும் என்று கேட்டால், “ஒட்டியாகிவிட்டதே! என் வார்த்தையை நம்ப வேண்டியதுதான்” என்பார்.

வஸ்திரத்தின் சிவப்புக் கரை, 1949 ஆகஸ்டு 15இல் வெளிவந்த வரிசையின் இரண்டணாத் தலைகள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நடராஜர் ஆடிக்கொண்டிருப்பார். பெருமாளின் இடையைச் சுற்றிச் சிவபெருமான் வரிசையாக ஆடுவது பெரிய காஞ்சிக்கும் சின்னக் காஞ்சிக்கும் ஏற்பட்ட சமரசமா, புது விரோதமா என்று வயதான வைஷ்ணவர் ஒருவர் விசாரித்தபோது, அன்பர் சொன்ன பதில்: “அதெல்லாம் எனக்குத் தெரியாது ஸ்வாமி, எதிலாவது ஒரு பல் உடைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

நெற்றியில் மட்டும் ஒரு தலை அளவுக்கு வெறும் அட்டை தெரிகிறது. 1854ஆம் வருஷத்து நாலணாத் தலையில், சிவப்புச் சட்டத்துக்குள் நீல ராணி தலைகீழாக அச்சாகிவிட்ட பிழைப் பிரதிகள் உலகத்தில் மிகச் சொற்பம். அவற்றுள் ஒன்று கைக்கு வந்த பிறகுதான் நெற்றி பூர்த்தியாகும் என்பது அவருடைய சங்கல்பம். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று வழக்காடிய ஊரில், நாமமே இல்லாமல் நிற்கும் பெருமாளைக் கண்டு இரு கலையாரும் சந்தேகப்படுகிறார்கள். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார் என்று பேச்சு. பாவம், அவர் காத்திருப்பது கலைக்காக அல்ல, கவிழ்ந்த ராணிக்காக!

இந்த விலை சொல்லும் வியாதி அவருக்கு ஊர்க்காற்றில் வந்தது என்றே நினைக்கிறேன். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் சேலையை விரித்த மாத்திரத்தில், அதன் மயிலையும் மானையும் பற்றி யார் பேசுகிறார்கள்? ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதல்லவா பேச்சு! அன்பரோ பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்தவர். சிறு பிராயத்தில் தகப்பனார் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுத்தவர். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. அவர் காபி கொண்டுவர உள்ளே போன சமயம் பார்த்துப் படத்தின் அருகில் போனேன். சிவப்புக் கரை நீல உடலோடு சேரும் இடத்தில், ஒரு தலையின் பல்லுக்குள் மறுதலையின் பல்லைக் கோத்து, மேலே கீழே ஏறாமல், இடைவெளியும் தெரியாமல், அசல் கோர்வைச் சேலை போலவே இணைத்திருக்கிறார். எத்தனை இரவு விழித்துச் செய்தாரோ! படம் முழுவதிலும் பார்க்கத் தகுந்த வேலை அதுதான். அதை மட்டும் அவர் எவரிடமும் சுட்டிக்காட்டியதில்லை. விலைப் புத்தகத்தில் அதற்கு விலை போடவில்லை போலும்.

தபால் தலையை ஒட்டி அழகு பார்ப்பது ஒன்றும் புதிய பைத்தியமன்று. இங்கிலாந்தில் 1840இல் தபால் தலை பிறந்தது. அடுத்த வருஷமே லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு யுவதி, தன் அலங்கார அறைச் சுவர் முழுவதும் ஒட்டுவதற்கு உபயோகித்த தலைகள் வேண்டுமென்று விளம்பரம் செய்தாள். அதற்குள் பதினாறாயிரம் சேர்த்துவிட்டிருந்தாளாம். அந்தப் புண்ணியவதி கிடைத்ததை ஒட்டினாள். அபூர்வமானதுதான் வேண்டும் என்று கேட்கவில்லை. நம்மவரோ நீலத்துக்கு நீலம் போதாது, கிடைக்காத நீலம் வேண்டும் என்கிறார். கிடைத்ததும் அட்டையில் பசை தடவி ஒட்டிவிடுகிறார். பசை தடவிய தலையைச் சேகரிப்போர் எவரும் பழைய விலைக்குச் சீந்துவதில்லை. ஆகவே அவர் நமக்குச் சொல்லும் விலைகள் யாவும் காலஞ்சென்ற விலைகள்.

இதுவரை சிரித்தாயிற்று. ஆனால் என் பெரியப்பா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதக் கட்டை அவர் ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று வாங்கிப் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறைகளின் மூலையையெல்லாம் கத்தரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பெரியப்பா கடிதத்தில் தேதி போடும் வழக்கமில்லாதவர். தபால் முத்திரைதான் தேதி. இப்போது பர்மா யுத்தத்துக்கு முன் எழுதியது எது, பின் எழுதியது எது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. உறையோடும் முத்திரையோடும் இருக்கும் தலைக்குத்தான் பெரும்பாலும் மதிப்பு அதிகம் என்று அந்தத் துறை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அவருடைய சொந்தக் கணக்கின்படியே அது நஷ்டம். கேட்டதற்கு, “உள்ளே இருக்கிற கடிதத்தை நான் தொடவே இல்லையே ஐயா” என்று மனம் நொந்துகொண்டார்.

அதற்காக வருகையை நிறுத்தினாரா? சிங்கப்பூரிலிருந்து என் மகள் அனுப்பிய உறையில் தலைக்குப் பதிலாக இயந்திர முத்திரை குத்தியிருந்தது கண்டு, தமக்கே அநியாயம் நேர்ந்துவிட்டதுபோல் வாசலிலேயே உட்கார்ந்து, இனிமேல் தலை ஒட்டி அனுப்பும்படி அவளுக்கு உடனே எழுதச் சொன்னார். அவர் எதிரிலேயே எழுதினேன். மகள் டெலிபோனில் பதில் சொன்னாள்.