மடி கட்டுன மாடும் அஞ்சு நட்சத்திரமும்

வா மருமவனே, உக்காரு. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவுல பொறந்த பிள்ளை, மெட்ராசுல ஏசி ரூம்ல இருந்துக்கிட்டு போன்லயே வெடி ஆர்டர் போட்டயாமே. பணம் போயிருச்சு, வெடி வரலன்னு ஒங்கம்மா சொன்னா. நான் சிரிக்கல. வாயில வெத்தல இருந்துச்சு, துப்பிட்டுத்தான் சிரிச்சேன்.

எம்பது சதம் தள்ளுபடின்னு போட்டிருந்தான், அதுல மயங்கிட்டேங்கிற. அந்த எம்பதை இங்க நெசக் கடைக்காரனும்தான் போடுதான். விலைப்பட்டியல்ல முதல்ல ஏத்துறது, பெறகு எறக்குறது. தள்ளுபடிய வச்சு நல்லவன் கெட்டவன்னு பிரிக்க முடியாதுப்பா. நீ பாத்திருக்க வேண்டியது வேற. ஆன்லைன்ல வெடி விக்கக்கூடாதுன்னு 2018 அக்டோபர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. சுப்ரீம் கோர்ட்டுக்கே பயப்படாதவன், ஒனக்குப் பயந்து அணுகுண்டு அனுப்பவா போறான்? கடைப் பேரு ஒண்ணு, பணம் அனுப்பச் சொன்ன பேரு வேற ஒண்ணு. அதையும் கேக்கல. லாரி ரசீதுன்னு வாட்சப்ல ஒண்ணு அனுப்பினானாமே, அதை பிரேம் போட்டு மாட்டி வை. தீபாவளிக்கு எல்லாருக்கும் காட்டலாம்.

சரி, அது திருட்டுக் கடை, இனிமே பெரிய கடையிலதான் வாங்குவேங்கிற. நல்ல முடிவு. ஆனா ஒண்ணு கேக்கேன். கழுகுமலைத் தாவணிக்கு, அதான் மாட்டுச் சந்தைக்கு, மாடு வாங்கப் போறவன் தாவணிகிட்டயா வாங்குதான்? கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்டல்லா வாங்குதான். அமேசான், பிளிப்கார்ட், மீஷோ எல்லாம் தாவணி. அங்க கயித்தப் புடிச்சிருக்கவன் பேரு பொருள் படத்துக்குக் கீழ பொடி எழுத்துல கெடக்கும். ஒன் கண்ணு சிவப்பு எழுத்து ஆபர்லயே நிக்கும், அங்க எறங்காது. அந்தப் பேரைத் தொட்டுப் பாரு. விக்கிறவன் பேரு, விலாசம், போன் நம்பர், பொருள் எந்த நாட்டுல செஞ்சது, எல்லாத்தையும் சொல்லணும்னு 2020ல வந்த இ-காமர்ஸ் விதி சொல்லுது. விலாசம் இல்ல, கடை தொறந்து ரெண்டு மாசந்தான் ஆகுதுன்னா, மாடு எவ்வளவு அழகா இருந்தாலும் வீடு பாத்து வந்துரு.

தாவணில இன்னொரு வித்தையும் உண்டு. கெழட்டு மாட்டுக்குக் கொம்பச் சீவி எண்ணெ தடவி நிப்பாட்டுவான். கறவ மாடுன்னா முந்தின நாளே கறக்காம விட்டுருவான். காலையில மடி பொங்கி நிக்கும். பாக்கிறவன் லிட்டர் கணக்குல கனவு காணுவான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத, ஒங்க அத்தை அடுப்படியிலதான் இருக்கா.

போன்ல இந்த மடி கட்டுற வேலைக்குப் பேரு ரிவ்யூ. வந்த பொட்டிக்குள்ள ஒரு சீட்டு கெடக்கும்: அஞ்சு நட்சத்திரம் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, நூறு ரூபா திருப்பித் தாரோம்னு. நூறு ரூபாய்க்கு நம்ம ஆளுக எம்புட்டு மனசாரப் புகழுவாங்கன்னு ஒனக்கே தெரியும். இன்னொருத்தன் அதே பக்கத்துல முன்னால சோப்பு வித்திருப்பான். நல்ல பேரு சேந்ததும் படத்த மாத்திட்டு ஹெட்போன் விப்பான். ஹெட்போனுக்குக் கீழ 'நுரை நல்லா வருது'ன்னு எவனாவது எழுதியிருந்தா என்கிட்டயும் காட்டு. அதனால அஞ்ச விட்டுட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு போட்டவன் என்ன சொல்லுதான்னு படி. வயிறு எரிஞ்சவந்தான் வெவரமா எழுதுவான். ஒரே தேதியில இருபது பேரு ஒரே மாரி 'சூப்பர்'னு கத்தினா, அது கூலிக்கு வந்த கூட்டம்.

ஒந்தம்பி கதைய விட்டுட்டேனே. 2 டிபி பென்டிரைவ் 499 ரூபாய்க்கு வாங்கினான். பேரு தெரிஞ்ச கம்பெனி அந்தக் காசுக்கு எத்தனை ஜிபி குடுக்குன்னு பக்கத்துல வச்சுப் பாத்தானா? இல்ல. உள்ள இருக்கிற சிப்பு சின்னது. கம்ப்யூட்டர் கேட்டா மட்டும் 2 டிபின்னு பொய் சொல்லும்படி பழக்கி வச்சிருக்கான். கல்யாண வீடியோவ ஏத்தினப்ப எல்லாத்தையும் வாங்கிக்கிட்டுச்சு. தொறந்து பாத்தா மாப்பிள்ளை அழைப்பு இருக்கு, தாலி கட்டினது இல்ல. இப்ப அவன் பொண்டாட்டி, நமக்குக் கல்யாணமே ஆகலேன்னு சொல்லுதாளாம்.

'ஆப்ல கமிஷன் போகுது, வெளிய வாங்க, இருநூறு கொறச்சுத் தாரேன்'னு ஒருத்தன் கூப்பிட்டா, போகாத. வெளிய போயிட்டா புகார் சொல்லத் தாவணியும் கெடையாது. நீ பழைய சைக்கிள விக்கப் போட்டாலும் இதே கத. வாங்குறேன்னு வந்தவன், 'பணம் அனுப்புதேன், இந்தக் கியூஆர ஸ்கேன் பண்ணிப் பின் நம்பர் போடுங்க'ம்பான். பணம் வர்றதுக்குப் பின் நம்பர் எதுக்கு? பின் போட்டாப் போறது ஒன் காசு.

கேஷ் ஆன் டெலிவரி இருக்கேன்னு மீசைய முறுக்காத. பெரும்பாலும் காசக் குடுத்தபெறகுதான் பொட்டியப் பிரிக்க விடுவாங்க. விலை கூடின சாமானுக்குப் பிரிச்சுக் காட்டிக் குடுக்கிற வழி சில கடையில உண்டு, அதைக் கேட்டு வாங்கு. கண்ணால பாத்தபெறகு ஓடிபி சொல்லு. கொண்டாந்த பையன் அவசரப்படுவான். பாவம், அவனுக்கு இன்னும் நாலு தெரு கெடக்கு. ஒரு டம்ளர் மோரு குடு, நிப்பான். அப்படி வழி இல்லன்னா, பொட்டி மேல ஒட்டியிருக்கிற சீட்டுல ஆரம்பிச்சு உள்ள இருக்கிறது வெளிய வர்ற வரைக்கும் நிப்பாட்டாம வீடியோ எடு. போன் பொட்டியில சோப்புக் கட்டி வந்தா, ஒனக்குச் சாட்சி அதுதான்.

அதையும் மீறி ஏமாந்தா, வெக்கப்பட்டு மூணு நாளு மூடி வைக்காத. ஒன்ன மாரி படிச்சவன் செய்யுற பெரிய தப்பே அதுதான். பணத்தச் சுருட்டிட்டான்னா அந்த நிமிசமே 1930க்குப் போன் போடு. சீக்கிரம் சொன்னா, பணம் கை மாறுறதுக்குள்ள பேங்குல நிப்பாட்டப் பாப்பாங்க. பொருள் சொத்தை, திருப்பி எடுக்க மாட்டேங்கான்னா 1915. ஆப்புக்காரனுக்குப் புகார் குடுத்தா 48 மணி நேரத்துல கெடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். மசியலையா, நுகர்வோர் ஆணையம் இருக்கு. விக்கிறவன் டெல்லில இருந்தாலும் நீ இருக்கிற ஜில்லாவுலயே கேஸ் போடலாம்னு 2019 சட்டம் சொல்லுது. பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் பீசு கெடையாது. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ஒண்ணே ஒண்ணு, கஸ்டமர் கேர் நம்பர கூகுள்ல தேடாத, ஆப்புக்குள்ளயே பாரு. வெளிய தேடினா, ஏமாத்தினவனே போன எடுத்து 'சொல்லுங்க சார்'ம்பான்.

சொல்லி முடிச்சாச்சு. வந்ததுதான் வந்த, எனக்கு ஒரு டார்ச் லைட்டு ஆர்டர் போட்டுக் குடுத்துட்டுப் போ. தோட்டத்துல ராத்திரி பன்னி வருது. காசா? பொட்டியப் பிரிச்சு, ஒரு வாரம் எரிய விட்டு, பேட்டரி நிக்குதான்னு பாத்துட்டுத் தாரேன். என்ன முழிக்க? இத்தன நேரம் நான் சொன்னத ஒருத்தராவது கேட்டு நடக்கணும்ல!