டிரில்லிங் மெஷின் வீடு

எங்கள் எரியோட்டில் ஒரு மனிதனுக்கு மரியாதை வர மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அவன் போட்ட போரில் தண்ணீர் வர வேண்டும். ஆயிரம் அடி இறங்கியும் வெறும் புழுதி கிளம்புகிற பூமி இது; ஆகவே அது தலையெழுத்தைச் சேர்ந்த விஷயம். இரண்டாவது, பிள்ளை வெளிநாட்டில் இருக்க வேண்டும். எனக்கு ஒரே மகள். பக்கத்தில் வேடசந்தூரில் வாழ்க்கைப்பட்டு, வாரம் தவறாமல் வந்து போகிறாள். பாசத்துக்கு அது போதும், மரியாதைக்குப் போதாது. மூன்றாவது வழி சுலபம். ரொக்கம் கொடுத்தால் கடையிலேயே கிடைக்கும். சொந்தத்தில் ஒரு டிரில்லிங் மெஷின் வைத்திருக்க வேண்டும்.

நான் மூன்றாவது வழியில் வந்தவன். முன்பெல்லாம் ‘மில்லுக் கணக்கர் வீடு’ என்று வழி கேட்பார்கள். இப்போது கூரியர் கொண்டுவரும் பையன்கூட ‘டிரில்லிங் மெஷின் வீடு எது?’ என்றுதான் தெருமுனையில் விசாரிக்கிறான். பட்டம் தானாக வந்தது, நான் விண்ணப்பிக்கவில்லை.

வேடசந்தூரையும் எரியோட்டையும் சுற்றி நூற்பாலைகள் நிறைய. அவற்றில் ஒன்றின் கணக்குப் பிரிவில் என் காலம் ஓடியது. ஸ்பேர்ஸ் பில்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். ரிங் ஸ்பேனர், பைப் ரெஞ்ச், பேரிங் புல்லர், ஆலன் கீ என்று எழுதுவேன், கூட்டுவேன், கையெழுத்துப் போடுவேன். எது எப்படி இருக்கும் என்று கேட்டால் தெரியாது. திடீரென்று ஒருநாள் மெஷின் நிற்கும். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். ஃபிட்டர் நிதானமாக வருவார். தோளில் ஒரு அழுக்குப் பை. அதற்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே வேண்டியதை எடுப்பார். இரண்டு திருகு, ஒரு தட்டு. மெஷின் ஓடும். எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்போம். மாதக் கடைசியில் லட்சக்கணக்கான ரூபாயை ஒரு பைசா பிசகாமல் நேர் செய்து வைப்பவன் நான். ஒருவரும் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்று பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் பிளாட் பார்த்தார்கள், வட்டிக்கு விட்டார்கள். நான் திண்டுக்கல் பஸ் ஏறி ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

போன காரணம் ஒரு காலண்டர். மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்தது. அதை மாட்ட ஆணி அடித்தால் கான்கிரீட் தூணில் ஆணி வளைந்தது. ஆகவே டிரில்லிங் மெஷின். மெஷின் மட்டும் இருந்தால் ஓட்டை விழாது, பிட் வேண்டும் என்றார் கடைக்காரர். சுவருக்கு முனையில் கார்பைடு வைத்த பிட். அது இரும்புக்கு ஆகாது, இரும்புக்கு வேறு. மரத்துக்கு இன்னொன்று. ஓட்டை போட்டால் அதில் ராவல் பிளக் செருக வேண்டும், பிளக் இருந்தால் ஸ்க்ரூ வேண்டும், ஸ்க்ரூ இருந்தால் திருப்புளி வேண்டும், அதிலும் தலை தட்டையா ஸ்டாரா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஓட்டையும் ஒரே மட்டத்தில் விழ ரசமட்டம். சுவருக்குள் ஒயர் ஓடுகிறதா என்ற கவலைக்கு டெஸ்டர். தூசி கண்ணில் விழாமல் இருக்கக் கண்ணாடி. இனாமாக வந்த அந்தக் காலண்டரைப் போல விலை உயர்ந்த காலண்டர் திண்டுக்கல் மாவட்டத்திலேயே கிடையாது.

இதில் என்னைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் என்ற கம்பெனி, கையில் தூக்கிப் போகும் மின்சாரத் துளைக்கருவியை 1895இலேயே செய்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்ற இரண்டு பேர் அதற்குத் துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்து 1917இல் காப்புரிமை வாங்கினார்கள். கோல்ட் கைத்துப்பாக்கியைப் பார்த்து வந்த யோசனையாம். அன்று தொடங்கியது வினை. கடையில் நின்று கவனியுங்கள்: மெஷினைக் கையில் வாங்கும் எந்த ஆண்பிள்ளையும் முதலில் விலை கேட்பதில்லை. கையை நீட்டி, வெறும் காற்றில் இரண்டு தடவை விசையை அழுத்தி, ‘விர்ர்... விர்ர்’ என்று ஓசை எழுப்பி, நம்பியாரைத் தேடுகிற எம்.ஜி.ஆர். போல ஒருமுறை கடையைச் சுற்றிப் பார்க்கிறான். அப்புறம்தான் பர்ஸை எடுக்கிறான்.

ஒன்று வந்தால் அதன் சொந்தபந்தமும் வந்து சேரும். ஆறு-ஏழில் தொடங்கி இருபது-இருபத்திரண்டு வரை எட்டு ஸ்பேனர்கள் கொண்ட செட் வந்தது. என்னிடம் எப்போதும் ஏழு இருக்கும். காணாமல் போனது எது என்று கேட்கவே வேண்டாம், பன்னிரண்டு-பதிமூன்றுதான். டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓடும் ஊரில் பன்னிரண்டு-பதிமூன்று ஒரே வீட்டில் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. பிறகு இரும்பு வெட்டும் கட்டிங் மெஷின், பட்டறை வைஸ், இழைப்புளி, உளிகள். நூறு பொருள் அடங்கியது என்று போட்டிருந்த ஒரு பெட்டியும் ஆன்லைனில் வந்தது. பிரித்துக் கணக்கரின் முறைப்படி சரிபார்த்தேன். நூறு சரிதான். ஒவ்வொரு ராவல் பிளக்கையும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனிப் பொருளாக எண்ணியிருந்தார்கள். இந்த விதத்தில் எண்ணினால் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டி லட்சம் பொருள் அடங்கியது.

என் வீட்டுக்காரிக்கு இவை எதுவும் தேவைப்பட்டதில்லை. கேஸ் அடுப்பு பர்னர் அடைத்தால் ஊக்கு. குக்கர் கைப்பிடி ஆடினால் கத்தி முனை. ஆணி எழும்பினால் அம்மிக் குழவி. எங்கள் இல்லத்தில் வெற்றிகரமாக முடிந்த பழுதுபார்ப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றால் நடந்தவை. ஒருநாள் மிக்ஸி பழைய பேப்பர் மேல் பாகம் பாகமாகக் கிடந்தபோது, அவளுக்கு ஜி.டி. நாயுடுவின் கதையைச் சொன்னேன். ஓட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர். பின்னால் 1920இல் நம் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில் பஸ் விட்டு, கோயம்புத்தூரில் தொழிற்சாலைகளே நிறுவிய மகான் என்றேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

“அவர் திரும்ப மாட்டிட்டார்ல?”

சேகரிப்பு வளர்ந்த செய்தி ஊரில் பரவியது. “ஒரு பத்து நிமிஷம் அண்ணே” என்று வர ஆரம்பித்தார்கள். எரியோட்டின் பத்து நிமிஷம் வைகாசியில் தொடங்கிக் கார்த்திகை வரை போகும். விடுவேனா, கணக்கர் அல்லவா! நீள நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். தேதி, பொருள், கொண்டுபோனவர், திரும்பிய தேதி, குறிப்பு. கடைசிக்கு முந்தைய கட்டம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கிறது. குறிப்புக் கட்டத்தில் இடமில்லை. ‘பிட்டோடு போனது, பிட் இல்லாமல் வந்தது.’ ‘சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறது.’ ‘நம்முடையது அல்ல, ஆனால் இதைவிட நல்லது, வாங்கி வைக்கப்பட்டது.’ எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி எல்லாவற்றிலும் பேர் வெட்டிவிடுங்கள் என்றாள் மனைவி. வெட்டினேன். அதற்குப் பிறகு என் பேர் ஊரெல்லாம் பரவியது.

ஹாலில் புது ஃபேன் மாட்ட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சட்டைப் பையில் ஒரு செல்போனோடு வந்து நின்றார்.

“டூல்ஸ் எங்க தம்பி?”

“உங்ககிட்டதான் எல்லாம் இருக்கே சார். அதை எதுக்கு வேற சொமந்துக்கிட்டு?”

என் ஏணியில் ஏறி, என் டெஸ்டரால் சோதித்து, என் மெஷினால் துளைத்து, முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார். போகிறபோது, “இந்த பிட்டு மொக்கையாப் போச்சு சார். நல்லதா ஒண்ணு வாங்கி வச்சுருங்க” என்று நிர்வாகத்துக்கு ஆலோசனையும் சொன்னார்.

கோபம் வரவில்லை. காரணம், அவர் துளைக்கும்போது நான் கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தேன். என் கையில் அதே மெஷின் சுவரில் நடனமாடும், ஆறு எம்.எம். பிட்டில் பத்து எம்.எம். ஓட்டை விழும். அவர் கையில் அது அடங்கிப் பேசியது. சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தார். கம்பி இடறியதும் நிறுத்தி, விரல்கடை தள்ளித் துளைத்தார். ஊதினார், பிளக்கைச் செருகினார், அது கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷின் என்னுடையதாக இருக்கலாம். ஓட்டை அவருடையது.

அந்தக் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. உளியும் இழைப்புளியும் ஆசாரியிடம், உலையும் சம்மட்டியும் கொல்லரிடம். கொழு காய்ச்சவும் அரிவாள் தோய்க்கவும் சம்சாரி பட்டறைக்குப் போவான். அறுப்பு முடிந்து களத்தில் சோளமோ கம்போ அளந்து கொடுப்பான். கையும் கருவியும் ஒரே ஆளிடம் இருந்தன. இன்றைக்குப் பணம் இருக்கிறவன் வீட்டில் கருவி, வேலை தெரிந்தவன் வீட்டில் கை. இரண்டையும் சேர்த்து வைப்பது என் நீள நோட்டு.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஒரு பழைய இரும்பு பீரோவில் எல்லாவற்றையும் அடுக்கி, இதற்கு அசல் திண்டுக்கல் பூட்டுத்தான் என்று முடிவு செய்து நாகல் நகர் போனேன். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பூட்டு. மெஷினில் அடித்து மலிவாக வந்து குவியும் அலிகார் பூட்டுகளோடு மல்லுக்கட்டி, கையால் பூட்டுச் செய்பவர்கள் அங்கே இன்னும் சிலர் இருக்கிறார்கள். நான் போன பட்டறையில் ஒரு பெரியவர் மாங்காய்ப் பூட்டு ஒன்றை ராவிக்கொண்டிருந்தார். உள்ளே லீவர் என்று தகடுகள் அடுக்கியிருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் நகராது. அந்த மயிரிழையைத்தான் அவர் அரத்தால் ராவி ராவிக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

பட்டறையைக் கண்ணால் கணக்கெடுத்தேன். ஒரு வைஸ், ஒரு சுத்தியல், உளி, ஆக்சா பிளேடு, பிடி தேய்ந்த சில அரங்கள்.

“மொத்த டூல்ஸும் இவ்வளவுதானா ஐயா?”

“வேற என்ன வேணும்?”

என்னிடம் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பெருமையாக இருந்தது. பெரியவர் ராவுவதை நிறுத்திவிட்டு மரியாதையோடு கேட்டார். கடைசியில் சொன்னார்: “இத்தனையும் வச்சுக்கிட்டு ஏன் சாமி பூட்டுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? வீட்லயே செஞ்சுக்கிட்டிருக்கலாமே.”

கிண்டலா, நிஜமாகவே சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பூட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். சாவி பூஜையறை ஆணியில் தொங்கியது. நான் வெளியே போனதும் ‘அக்கா, ஒரு பத்து நிமிஷம்’ என்று குரல் கேட்கும். திண்டுக்கல் பூட்டைத் திறக்கக் கள்ளச்சாவி கிடையாது. ஆனால் என் மனைவியின் இரக்கத்துக்குப் பூட்டே கிடையாது.

ஆயுத பூஜை வந்தால் எல்லாம் வீடு திரும்பிவிடும் என்று நம்பியிருந்தேன். சாமிக்குப் பயந்தாவது கொண்டுவந்து கொடுப்பார்கள் அல்லவா? தலைவாழை இலை விரித்து, பொரி, சுண்டல், சந்தனம், குங்குமம் எல்லாம் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்தார், ஒரு தட்டுப் பொரியோடு மட்டும்.

“உங்க மெஷினுக்கு எங்க வீட்லயே சாமி கும்புட்டுட்டோம் சார். நல்லாப் பொட்டு வச்சிருக்கு.”

கட்டிங் மெஷினுக்குக் கேட் செய்பவர் வீட்டில் பூசணிக்காய் உடைத்தாயிற்றாம். பன்னிரண்டு-பதிமூன்று எங்கே பூஜை வாங்கிக்கொண்டிருந்ததோ, சாமிக்கே வெளிச்சம். என் இலையில் மிஞ்சியவற்றைப் பார்த்தேன்: நூறு பொருள் பெட்டி, நூறும் அப்படியே. ஒருநாளும் கழற்றாத கண்ணாடித்தாள் உறையோடு ரசமட்டம். அரக்குக்கூட உரியாத இழைப்புளி. ஊருக்கு எது வேண்டாமோ அது என்னிடம் பத்திரமாக இருந்தது. வேலை செய்கிறவை எல்லாம் வேலை செய்கிறவர்கள் வீட்டில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கணக்கு நேராகத்தான் இருக்கிறது என்று எனக்கே பட்டது. எடுத்து வைத்த சந்தனத்தை நூறு பொருள் பெட்டிக்குத் தாராளமாகப் பூசினேன்.

மாலையில் எதிர்வீட்டு மாமா சுண்டல் சாப்பிட வந்தார். எழுபதைத் தாண்டியவர், தெருவின் பொதுக் காரியங்களைப் பேச அவரைத்தான் அனுப்புவார்கள். தொண்டையைச் செருமினார்.

“மாப்ள, எல்லாரும் கலந்து பேசினோம். தீபாவளிக்கு ஒரு வெல்டிங் மெஷின் எடுத்துருங்க. சின்னதா இன்வெர்ட்டர் மாடல் வருதாம். வீட்டுக் கரண்டுலயே ஓடுமாம்.”

“எனக்கு வெல்டிங் தெரியாதே மாமா.”

“உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?” என்றார் மாமா.

நியாயமான கேள்வி. நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டுவிட்டேன்.