எதுக்காவது ஆகும்

எங்கள் வீட்டுப் பரணில் இருப்பதெல்லாம் குப்பை என்பது என் மனைவியின் கட்சி. எதுக்காவது ஆகும் என்பது என் கட்சி. மூடியில்லாத ஹார்லிக்ஸ் பாட்டில், பாட்டிலில்லாத மூடி, எந்தக் கடிகாரத்துக்குச் சொந்தம் என்றே தெரியாத ஒரு முள் என்று அங்கே சகலமும் உண்டு. கல்யாணமான நாளாக நான் தோற்றுக்கொண்டிருக்கும் இந்த வழக்கில் ஒருவழியாக எனக்கொரு சாட்சி அகப்பட்டார். 1966ல் பெய்ஜிங்கில் பிறந்த கலைஞர் சோங் தோங்.

2002ல் அவருடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா ஜாவ் ஷியாங்யுவான் ஏற்கெனவே எதையும் வீசாத கை. சோப்பு, துணி எல்லாவற்றுக்கும் ரேஷன் பார்த்த தலைமுறை, வேறெப்படி இருக்கும்? துக்கத்தில் அந்தப் பழக்கம் முற்றி, வீட்டில் கால்வைக்க இடமில்லாமல் சேர்த்துவிட்டார். நாமாக இருந்தால் அம்மா ஊருக்குப் போன சமயம் பார்த்துக் காயலான்கடைக்காரரைக் கூப்பிட்டிருப்போம். இந்தப் பிள்ளை 2005ல் அத்தனையையும் ஒரு கலைக்கூடத்துக்கு வண்டியேற்றி, அம்மா கையாலேயே தரம் பிரித்து அடுக்கவைத்தார். பத்தாயிரத்துக்கு மேல் சாமான். பிதுக்கித் தீர்ந்த பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, பழைய செருப்பு, மடித்து வைத்த பிளாஸ்டிக் பை, நடுவே பழைய வீட்டின் மரச்சட்டம். அம்மாவும் அங்கேயே உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களிடம் ஒவ்வொன்றின் கதையையும் சொன்னார். 2009ல் நியூயார்க் மோமா அருங்காட்சியகம், 2012ல் லண்டன் பார்பிகன் கலை மையம் என்று அந்தச் சாமான்கள் உலகம் சுற்றின. நான் இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை.

அந்தக் கண்காட்சியின் படத்தை வெற்றிச் சிரிப்போடு மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா அடுக்கியிருக்காங்க! ஏங்க, அந்தம்மா சாமானை அந்தம்மாவே அடுக்கினாங்க. உங்க சாமானை யார் அடுக்குறது?"

விடுவேனா? சோப்புக் கதையை எடுத்தேன். ரேஷன் காலத்தில் சேர்த்துக் காய்ந்து கல்லாய்ப் போன சோப்புக் கட்டிகளை, மகன் கல்யாணத்தின்போது அம்மா எடுத்துக் கொடுத்தாராம். வாஷிங் மெஷின் இருக்கிறதே, எனக்கெதற்கு என்றாராம் மகன். அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்ப வாங்கி, அவருக்காகவே பத்திரப்படுத்திவிட்டார். சொல்லும்போது என் குரலே கொஞ்சம் தழுதழுத்தது.

"சரி, அது மகனுக்கு. இந்த முள்ளை யாருக்காக வெச்சிருக்கீங்க?"

யோசித்தேன். சாட்சி என் பக்கம் பார்க்கவே மறுத்துவிட்டார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால், அலமாரி இழுப்பறையில் கழுவிக் காயவைத்த பால் கவர்கள் நான்காக மடித்து வரிசையாக இருக்கின்றன. பெய்ஜிங் அம்மாவே வந்து மடித்ததுபோல் அப்படியொரு நேர்த்தி. "இதெல்லாம்?" என்றேன்.

"அது வேற."

பழைய சாமான்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உங்கள் வீட்டுப் பரணில் இடமிருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக நானே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.