போன கோழியெல்லாம் பொன் கோழி

பொழுது சாயும் நேரத்தில் கோழிக்கார அத்தையிடம் யாரும் கைமாற்று கேட்டுப் போவதில்லை. அது அவர் கணக்கு முடிக்கும் நேரம். ஒரு கையில் பஞ்சாரம், மறு கையில் ஒரு பிடி குருணை, வாயில் "பா... பா... பா...". கோழிகள் ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக அத்தையின் உதடு மட்டும் அசையும். வாய்விட்டு எண்ணினால் கண்ணு பட்டுவிடும். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் முகத்தில் நிம்மதி தெரியும். கூடவே லேசான ஏமாற்றமும் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டதே!

சிவகங்கையிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் எந்தக் கிராமத்தில் நுழைந்தாலும் தெருவுக்கு ஒரு கோழிக்கார அத்தையைப் பார்க்கலாம். வயது ஐம்பதுக்கு மேல். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம், ஒரு குப்பைமேடு, ஒரு வைக்கோல் படப்பு, சுற்றிலும் சீமைக்கருவேல முள்வேலி. கோழிகளுக்கென்று தீவனம் வாங்கும் வழக்கம் கிடையாது. காலையில் ஒரு கை கம்போ குருணையோ இறைப்பதோடு அத்தையின் செலவு முடிந்தது. மிச்சத்தைக் குப்பைமேடும் அண்டை வீடுகளும் பார்த்துக்கொள்ளும். எதிர்வீட்டில் வடகம் காயப்போட்டால் அத்தைக்குத்தான் முதலில் தகவல் தெரியும். கோழிகள் வாசலில் இருக்காது.

ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. செவலை, கருப்பி, கொண்டைச்சி, கழுத்தில் முடியில்லாத கிராப்பு. நாற்பது வருஷமாகக் கூட வாழும் மாமாவைத்தான் இன்னும் "இந்தாங்க" என்று கூப்பிடுகிறார்.

பெயர் இருக்கிறதே, கொஞ்சலும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உயிரோடு இருக்கிற கோழிக்கு அத்தை வீட்டில் மரியாதை கிடையாது. செவலை கடைசிவரை வாங்கியதெல்லாம் வசவுதான். "திங்கிறதுக்கு முன்னால வந்து நிப்பா, முட்டை விட மட்டும் அடுத்த வீட்டுப் படப்புக்குப் போயிருவா" என்று தினமும் ஓர் அர்ச்சனை. அடைக்கு உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் முக்கி எடுப்பார், மூக்கில் அதன் இறகையே செருகி விரட்டுவார்.

அந்தச் செவலையை ஒரு நாள் கீரி பிடித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் காலையிலேயே செவலையின் குணம் மாறிவிட்டது. "ஒரு நாளு தவறாம முட்டை வச்சவ" என்றார் அத்தை. மூன்றாம் நாள், முட்டை ஒவ்வொன்றும் வாத்து முட்டைப் பருமன். ஒரு வாரம் கழிந்தபோது செவலை வருஷத்துக்கு 200 முட்டை விட்ட கோழியாகியிருந்தது. நம் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 80 முட்டை வைத்தாலே பெரிய காரியம்; 10, 12 வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும் சாதி அது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் உயிரோடு இருக்கிற கோழிக்குத்தான் பொருந்தும். வியாபாரி வாசலில் வந்து நின்றபோது 400 ரூபாய்க்குத் தள்ளிவிடப் பார்த்த கோழிக்கு, போன பிறகு அதன் முட்டை, முட்டையின் குஞ்சு, குஞ்சின் குஞ்சு எல்லாம் சேர்த்து ஒரு விலை வரும். கீரி ஒரு கோழியைத்தான் தின்றது. அத்தை இழந்தது ஒரு பண்ணையை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அத்தையின் துப்பறியும் திறமையைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். விடியற்காலம் டார்ச் லைட்டோடு கொல்லைக்குப் போய் ஐந்தே நிமிடத்தில் குற்றவாளியைச் சொல்லிவிடுவார். கூட்டுக்குள் நாலைந்து கழுத்துக் கடிபட்டுக் கிடந்து, ஒன்றை மட்டும் தின்றிருந்தால் கீரி. கூரையைப் பிரித்துக்கொண்டு மேலிருந்து இறங்கியிருந்தால் மரநாய். கோழியையே காணோம், வேலியோரம் ஒரு கொத்து இறகு மட்டும் கிடந்தால் காட்டுப்பூனை. இறகு தெருவெல்லாம் சிதறிக் கிடந்தால் நாய். அதிலும் யார் வீட்டு நாய் என்பதுவரை சொல்வார். முட்டை ஓடுகூட மிஞ்சாமல் மறைந்திருந்தால் பாம்பு. தாய்க்கோழி ஆகாயத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தால் பருந்தோ வல்லூறோ.

இறகும் இல்லை, ரத்தமும் இல்லை, ராத்திரி ஒரு சத்தமும் இல்லை என்றால்தான் அத்தையின் கண் சிவக்கும். அப்படி வேலை செய்வது இரண்டு கால் மிருகம்.

பறவைகளிலும் அத்தை ஆள் பார்த்துத்தான் பேசுவார். வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாக ஒரு செம்பருந்து வட்டமிட்டால் அது கருடன், பெருமாள் வாகனம், கன்னத்தில் போட்டுக்கொள்வார். கரும்பருந்து வட்டமிட்டால் அது களவாணிப் பய. கையில் கிடைத்த கல்லை எறிவார். கன்னத்தில் போட்ட கை எடுப்பதற்குள் கருடன் இறங்கி ஒரு குஞ்சைத் தூக்கினால் மட்டும் தர்மசங்கடம். திட்ட முடியாது. "நேந்துக்கிட்டது பாக்கி இருந்துச்சு, அவரே வந்து எடுத்துக்கிட்டாரு" என்று வரவு வைத்துவிடுவார்.

பருந்தை ஏமாற்றக் குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் ஏற்றுவது அத்தை கைவசம் உள்ள தொழில்நுட்பம். நிறம் மாறிய குஞ்சைப் பருந்துக்கு அடையாளம் தெரியாதாம். பறவைகளுக்கு நம்மைவிட அதிக நிறங்கள் தெரியும் என்கிறது அறிவியல். அத்தை வீட்டுப் பருந்து அறிவியல் பக்கம்தான் நின்றது. மறுநாள் போனது ரோஸ் குஞ்சு.

அடை வைக்கும் நாளில் அத்தை வேறு மனுஷி. குளித்து முழுகி, கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்குவார். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு, ஓர் அடுப்புக்கரி, இரண்டு மிளகாய் வற்றல். பிறகு 21 நாள் அந்தப் பக்கம் யாரும் நிழல்கூடப் படக் கூடாது. அப்படியும் ஒரு தடவை அத்தனையும் கூழ்முட்டை. அன்று இடி இல்லை. அதனால் பழி மருமகள் மேல் விழுந்தது. கூடையைத் தாண்டிப் போனாளாம். மாமா மட்டும் மெதுவாக, "மாசிக் களரிக்குச் சேவலை அறுத்துட்டோமே" என்றார். சேவல் போனபின் இரண்டு வாரம்போலத்தான் கோழி கரு உள்ள முட்டையை வைக்கும். இவர் அடை வைத்தது பங்குனிக் கடைசியில். "சாமிக்குக் குடுத்ததைச் சொல்லிக் காட்டாதீங்க" என்று அத்தை எழுந்து போய்விட்டார். மருமகள் மேலிருந்த வழக்கு மட்டும் வாபஸ் ஆகவில்லை.

வசவு என்று வந்துவிட்டால் அத்தைக்கு மேல்முறையீடு மடப்புரம் காளி. திருப்புவனம் பக்கத்தில் அந்தக் கோயிலில் காசு வெட்டிப் போட்டால் களவெடுத்தவன் தப்ப மாட்டான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ஒரு தடவை கருப்பியைக் காணோம். தடயம் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு எதிர்வீட்டிலிருந்து மசாலா வாசம் வந்தது. அத்தைக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அந்த வீட்டுக்காரி கடையில் வாங்கிய பிராய்லர் கறி என்று தலையில் அடித்துச் சொல்லியும், "காசு வெட்டிப் போடப் போறேன்டி, தின்ன வகுறு பேசும்" என்று தெருவுக்கே கேட்க அறிவித்தார். கருப்பியின் அருமை பெருமைகள் தெருவில் நாள்தோறும் வளர்ந்தன. நடந்தால் மயில், குரல் குயில், அந்த மாதிரி ஒரு கோழி இனிப் பிறக்கப் போவதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் முள்வேலிக்குள்ளிருந்து கருப்பி வெளியே வந்தாள், பதினொரு குஞ்சுகளோடு. ரகசியமாக முட்டை வைத்து அங்கேயே அடை காத்திருக்கிறாள். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். அத்தை அசரவில்லை. "நான் சொன்னதுமே காளி திருப்பிக் குடுத்துட்டா, பாத்தியா!" என்றார். பிறகு கருப்பி பக்கம் திரும்பினார்: "களவாணிச் சிறுக்கி, எங்கடி போயி மேஞ்ச?" மயிலும் குயிலும் அந்த நிமிடமே காலி.

வனக்காவலர் ஒருவர் ஒரு தடவை வந்து, கீரியையும் மரநாயையும் காட்டுப்பூனையையும் அடிப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று எடுத்துச் சொன்னார். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுக்குச் சட்டம் இருக்கு சரி, என் கோழிக்கு எந்த வருஷத்துச் சட்டம்?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. போகும்போது இரண்டு முட்டை கொடுத்தனுப்பினார்.

இத்தனைக்கும் தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போன பொங்கலுக்குக் கம்பிவலை அடித்த இரும்புக் கூண்டு ஒன்று வாங்கி வந்து கொல்லையில் நிறுத்தினான். கீரி நுழைய முடியாது, பூனை நுழைய முடியாது. இப்போது அதில் சின்ன வெங்காயம் காய்கிறது. "காலாற மேயாத கோழி கோழியா?" என்பது வெளியே சொல்லும் காரணம். சொல்லாத காரணம் வேறு. கூண்டு வந்துவிட்டால் கோழி போகாது. கோழி போகாவிட்டால் சந்தேகம் இல்லை, சாபம் இல்லை, தெருவில் நியாயம் கேட்க முகாந்திரம் இல்லை. உயிரோடு இருக்கிற சுமாரான கோழிகளோடு காலம் தள்ள வேண்டும்.

இப்படி ஊரையே திட்டும் அத்தை, உண்மையான கொலைகாரனை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது வெள்ளைக்கழிச்சல். கீரி ஒன்று, இரண்டாக எடுக்கும். இது வந்தால் கூண்டோடு போகும். ஊசி போடாத கோழிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது சாயும். கால்நடைத் துறைக்காரர்கள் ஆண்டுதோறும் பிப்ரவரியில் முகாம் போட்டு, எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கெல்லாம் இறக்கையில் இலவசமாக ஊசி போடுகிறார்கள். அவர்கள் தெருவுக்குள் நுழையும்போது அத்தை பஞ்சாரத்தைத் திறந்துவிட்டு வெகுநேரம் ஆகியிருக்கும். கிராப்பு முருங்கை மரத்தில், கொண்டைச்சி படப்பின் உச்சியில். ஊசி போட்டால் முட்டை நின்றுவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ராணிக்கெட் நோய்னு பேரும்மா இதுக்கு, வந்தா தாங்காது" என்றார் கால்நடை மருத்துவர்.

"ராணி கெட்டாளோ ராசா கெட்டானோ, என் கோழி கெடாது. நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்றார் அத்தை.

சித்திரையில் கெட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தலையைத் தொங்கவிட்டு, ஒரே வாரத்தில் ஏழு போயின. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுத்துப் பார்த்தார். மூன்று தப்பின. அந்த வாரம் முழுக்க அத்தை யாரையும் திட்டவில்லை. காலடித் தடம் இல்லை, இறகு இல்லை, கல்லெடுத்து எறிய ஆகாயத்திலும் ஒன்றுமில்லை. கடைசியில், தை மாதத்தில் யாரோ ஒருத்தி வாசலில் நின்று, "எத்தனை கோழி அயித்தே வச்சிருக்கீங்க?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. வழக்கு முடிந்தது, அவள் கண்ணுதான்.

ஆகவே, உங்கள் தெருவிலும் ஒரு கோழிக்கார அத்தை இருந்தால் இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். எத்தனை கோழி இருக்கிறது என்று கேட்காதீர்கள்; எது போச்சு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள், எழுந்திருக்க நேரமாகும். "ஒண்ணுதானே போச்சு" என்ற சொல் மட்டும் வாயில் வரக் கூடாது. இன்னொன்று, பிப்ரவரியில் ஊசி போட வரும் தேதியை முதல் நாள் ராத்திரியே அவரிடம் சொல்லி, விடிந்ததும் நீங்களே போய்ப் பஞ்சாரத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள். அத்தை உங்களைத் திட்டுவார். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கோழி தப்பிக்கும்.